ஒரு நாளைக்கு இருபது கிராம்

பிள்ளை பிறந்த வீட்டில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “என்ன பிள்ளை?” இரண்டாவது கேள்வி, “எத்தனை கிலோ?” மூன்று கிலோவுக்கு மேல் என்றால் கேட்டவர் முகம் மலரும். இரண்டரைக்குக் கீழே என்றால், “பரவால்ல, வந்துரும்” என்று ஓர் ஆறுதல். ஒன்றரைக்கும் கீழே என்றால் என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

எங்கள் தாமானில் எனக்கு மூன்று வீடு தள்ளி ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அதிகாலை நாலரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டலாம். வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிவிடும். மனைவி ஜொகூர் பாருவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறார். போன ஆண்டு, 31ஆவது வாரத்திலேயே அவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, அவசர அறுவை சிகிச்சையில் பெண் குழந்தை பிறந்தது. எடை 1,380 கிராம். ஒரு கிலோ சீனிப் பொட்டலமும் அதன் மேல் ஓர் ஆப்பிளும், கொஞ்சம் அதிகமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அந்தப் பெண் யாருக்கும் எடையைச் சொல்லவில்லை. “பிள்ளை நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள், அதிலும் பெரும்பகுதி பச்சிளங்குழந்தைகள் வார்டில் கழிந்தது என்பது இப்பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “ஆண்டி, இந்த எடைல பிள்ளைங்க பொழைக்குமா?”

பிழைக்கும் என்றேன். அதுவும் நன்றாகவே பிழைக்கும். 31 வாரத்தில், 1,380 கிராமில் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இன்று நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்து, ஆறு வாரங்களில் என்ன நடக்கிறது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. “பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு, டாக்டர் பாத்துக்குவாரு” என்று விட்டுவிடுகிறோம். டாக்டரால் தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று அதில் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எடை எப்போது ஏறுகிறது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. 1,500 கிராமுக்குக் கீழே மிகவும் குறைந்த எடை. 1,000 கிராமுக்குக் கீழே மிக மிகக் குறைந்த எடை. நம் நாட்டில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளில் ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறக்கிறது. இந்தியர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகம் என்பதைப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் காட்டி வருகின்றன. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டுக் கதை அல்ல. உங்கள் சொந்தத்தில் தேடினால் ஒரு குழந்தையாவது இருக்கும்.

வயிற்றில் 28 வாரத்துக் குழந்தை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். 40 வாரத்தில் மூன்று கிலோ. அதாவது எடையில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்து, உடலைச் சூடாக வைத்திருக்கும் கொழுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சேமிப்புதான். அந்த நேரத்தில் வெளியே வந்துவிட்ட பிள்ளை, சம்பள நாளுக்கு முன்பே வேலையிலிருந்து நின்றவரைப் போல. கையில் இருப்பு கிடையாது. செலவு மட்டும் அன்றே தொடங்கிவிடும்.

அந்தச் செலவு சாதாரணமானதல்ல. நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 35 கலோரி போதும். குறைமாதக் குழந்தைக்கு 110 முதல் 135 கலோரி வேண்டும். அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் சாப்பிட வேண்டுமானால் 7,000 கலோரிக்கு மேல் ஆகும். ரொட்டி சானாயாகச் சொன்னால் ஒரு நாளைக்கு இருபத்து நாலு! அவ்வளவு உணவை, இரண்டு மில்லிக்கு மேல் தாங்காத ஒரு வயிற்றுக்குள், அதற்குச் சேதம் வராமல் எப்படிச் சேர்ப்பது? பச்சிளங்குழந்தை வார்டின் பெரும் வேலை அதுதான்.

இரண்டு மில்லியில் தொடங்கி

முதல் நாள் அந்தக் குழந்தைக்கு இரத்தக் குழாய் வழியாகச் சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் கொடுத்தார்கள். பிறகு கொழுப்பும் சேர்ந்தது. அதே நேரத்தில், வாய் வழியாக வயிற்றுக்குள் செல்லும் மெல்லிய குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 2 மில்லி பால். அரைத் தேக்கரண்டிகூட இல்லை. “இதுல என்ன பசி ஆறும்?” என்று பாட்டி கேட்டார். பசி ஆறுவதற்கல்ல அது. குடலுக்கு வேலை கற்றுக்கொடுப்பதற்கு. குடல் சும்மா கிடந்தால் அதன் சுவர் மெலிந்துவிடும்.

குழாய் எதற்கு, குழந்தைக்கு வாய் இல்லையா என்றும் கேட்பார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்ற மூன்றையும் ஒத்துச் செய்யும் திறமை ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்தில்தான் வருகிறது. அதற்குமுன் புட்டியை வாயில் வைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால்தான் வார்டில், “கொஞ்சம் புட்டிப்பால் குடுத்துப் பாருங்க மிஸ்ஸி” என்று யார் கெஞ்சினாலும் தாதிகள் கேட்பதில்லை.

பாலை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இரண்டு மூன்றாகி, ஐந்தாகி, எட்டாகி, ஒன்பதாம் நாள் வாக்கில் 17 மில்லி ஆயிற்று. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 மில்லி வந்துவிட்டால் அதை முழுப்பால் என்போம். அதன்பின் இரத்தக் குழாயில் ஏற்றியதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கிடையில் எடை ஏறவில்லை, இறங்கியது. ஐந்தாம் நாள் 1,270 கிராம். அம்மாக்காரி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் வாரத்தில் உடம்பிலுள்ள கூடுதல் நீர் வெளியேறி எடை இறங்கும். நிறைமாதக் குழந்தைக்கே பத்து விழுக்காடு வரை இறங்கலாம். குறைமாதப் பிள்ளைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இறங்கலாம். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பினால் போதும். அவர்கள் பிள்ளை பன்னிரண்டாம் நாள் மறுபடியும் 1,380ஐத் தொட்டது. 

அதன் பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 கிராம். அந்தப் பிள்ளைக்கு அது சுமார் இருபது கிராம். நான்கு ஐம்பது காசு நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். வயிற்றுக்குள் இருந்திருந்தால் ஏறியிருக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான்.

எடை நின்றுபோன மூன்று நாள்

பன்னிரண்டாம் நாளுக்குப் பின் ஏற வேண்டிய எடை, 1,395, 1,400, மறுபடியும் 1,400 என்று நின்றுவிட்டது. இடையில் வயிறு கொஞ்சம் உப்பியதால் ஒரு நாள் பாலைக் குறைத்தார்கள். எதனால் என்று ஒரே காரணத்தை அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் அம்மாவிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “உங்கள் பால் ஏன் குறைந்துவிட்டது?”

முதல் வாரம் முழுவதும் அவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார். கொடுத்தனுப்பிய பால் பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டாம் வாரம் குளுவாங்கிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, பத்தியத்தைக் கண்டிப்பாக்கிவிட்டார். வெளியே போகக் கூடாது, காற்றுப் படக் கூடாது, தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் மகளை மருத்துவமனைக்கு விட்டார். இரவில் எழுந்து பால் பீய்ச்சவும் விடவில்லை. “வெட்டுக் காயம் ஆறட்டும், தூங்கட்டும்” என்றார். பத்து நாளில் பால் பாதியாயிற்று. மீதிக்கு வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பால்மாவும் தேவைப்படும் இடத்தில் உயிர்காக்கும் உணவுதான். ஆனால் குறைமாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு நிகர் இல்லை. அதற்குக் காரணம் உணர்ச்சி அல்ல, குடல். குறைமாதக் குழந்தைகளின் குடல் சில நேரம் வீங்கி, அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. அது வந்தால் அறுவை சிகிச்சை வரை போகும், உயிரையும் பறிக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதமும் கூடுதலாக இருக்கும். அவசரமாக வந்த விருந்தாளிக்கென்று உடம்பே தனியாகச் சமைப்பது போல.

சரி, ஒரு தாய்க்குப் பால் இல்லை என்றால் இன்னொரு தாயின் பாலைக் கொடுக்கலாமே? ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் கே.கே. மருத்துவமனையில் 2017இல் தொடங்கினார்கள். நம் நாட்டில் நிலைமை வேறு. ஒரே பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள், பிற்காலத்தில் அவர்களுக்குள் திருமணம் கூடாது என்பது இஸ்லாமிய நெறி. யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாத வங்கி அதற்குப் பொருந்தாது என்று 2011இல் தேசிய ஃபத்வா மன்றம் முடிவு செய்தது. அதில் நியாயம் இருக்கிறது. அதன் பொருள் நமக்கு இதுதான்: ஜொகூரில் ஒரு குறைமாதப் பிள்ளைக்குக் கிடைக்கும் தாய்ப்பால், அநேகமாக அதன் சொந்தத் தாயின் பால் மட்டுமே. கையிருப்பு வேறு எங்கும் இல்லை.

ஆகவே அன்று மாலை நான் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன்.

“எனக்கு முதல் பிள்ளை தங்கல, மிஸ்ஸி”

ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆனாலும், தோட்டத்துப் பழக்கத்தில் அவர் என்னை “மிஸ்ஸி” என்றுதான் கூப்பிடுவார். அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். “அக்கா, பிள்ளைக்குப் பால் பத்தல. இவ தினம் ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் பால் ஊறும்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பச்ச உடம்பு மிஸ்ஸி. வெளிய போயி ஜன்னி கண்டுச்சுன்னா நீங்க வந்து பாப்பீங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே சொன்னார்: “எனக்கு முதல் பிள்ளை தங்கல, மிஸ்ஸி. அதுவும் இப்படித்தான், சின்னதா. கூடையில பஞ்சு வச்சுப் படுக்க வச்சோம். நாலு நாள் இருந்துச்சு. அஞ்சாவது நாள் இல்ல. நான் அடுப்படிக்குப் போனேன், தண்ணிய தொட்டேன், அதான் போச்சுன்னு எங்க மாமியா சொன்னாங்க.”

நாற்பது ஆண்டுகளாக அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். மகளை அறைக்குள் வைத்துப் பூட்டியது பிடிவாதத்தால் அல்ல, அந்தப் பழி மகள் தலையிலும் விழுந்துவிடக் கூடாது என்ற பயத்தால்.

“அக்கா, நீங்க தண்ணியத் தொட்டதால இல்ல” என்றேன். “அந்தப் பிள்ளைக்குச் சூடு பத்தல, பால் பத்தல. அப்போ அதுக்கு வழி இல்ல. இப்போ இருக்கு. ஆனா பாதி வழி உங்க மகள்கிட்டதான் இருக்கு.”

அவரிடம் நான் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டேன். எண்பதுகளில் நான் வேலை செய்த இடத்தில், தாய்மார்களைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்துவோம். கிருமி வந்துவிடும் என்று பயம். பார்க்கும் நேரம் முடிந்தால் விரட்டுவோம். நானும் விரட்டியிருக்கிறேன். பாட்டி அறைக்குள் பூட்டினார், நாங்கள் அறைக்கு வெளியே பூட்டினோம். இரண்டுமே பாசத்தில் செய்த தவறுதான்.

எங்களைப் போன்றவர்களின் எண்ணத்தை மாற்றியது பணக்கார நாடு அல்ல. 1978இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் படுக்கவைத்த ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர், பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார். கங்காரு தன் குட்டியை வைத்திருப்பது போல. அதுதான் கங்காரு பராமரிப்பு. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளைக் கவனித்தது. உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் வைத்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 விழுக்காடு. வழக்கம்போல் காத்திருந்து வைத்தவர்களில் 15.7 விழுக்காடு. மறு ஆண்டே உலகச் சுகாதார நிறுவனம், குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்திலிருந்து முடிந்தால் 24 மணி நேரம்வரை இதைச் செய்யச் சொல்லிவிட்டது.

சூட்டைக் காப்பாற்றப் பிள்ளை செலவழிக்கும் கலோரி மிச்சமாகிறது. மிச்சமான கலோரி எடையாகிறது. பிள்ளையின் தோல் பட்டதும் தாய்க்குப் பால் சுரக்கிறது. ஒரே செயலில் மூன்று பலன், செலவு எதுவுமில்லை.

பாட்டி குழம்பை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: “அப்போ பத்தியச் சோறு?”

“அதையும் தூக்குல போட்டு எடுத்துக்கிட்டு நீங்களும் போங்க அக்கா. பத்தியம் வீட்டுலதான் இருக்கணும்னு இல்லையே.”

பால் கூடியது எப்படி?

மறுநாளிலிருந்து இருவரும் காலை ஒன்பதரைக்குக் கிராப் காரில் போனார்கள். பாட்டி சால்வையால் மகளின் காதை மூடிவிட்டுத்தான் அனுப்புவார். அதில் எந்தக் கெடுதலும் இல்லை. மகள் பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் சாய்ந்திருப்பார். பிறகு பால் பீய்ச்சுவார், பாட்டி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடுவார், மறுபடியும் பிள்ளை. இரவு எட்டரைக்கு அப்பா நேரே சிங்கப்பூரிலிருந்து வந்து, குளித்துச் சட்டை மாற்றி, தன் மார்பில் வைத்துக்கொள்வார். அப்பாவின் மார்பும் அதே சூடுதான்.

இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்காக நான் அவருக்குச் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பிறந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள், முடிந்தால் இன்னும் முன்னதாகவே, கையால் பீய்ச்சத் தொடங்குங்கள். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சில சொட்டுதான் இருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். அந்தச் சொட்டுகளைத் தாதியிடம் கொடுங்கள்.

24 மணி நேரத்தில் எட்டு முறையாவது பீய்ச்ச வேண்டும். இரவில் ஒருமுறையாவது எழ வேண்டும். பால் சுரக்கச் செய்யும் சுரப்பு இரவில்தான் அதிகம். கணவர்மார்களே, மணி அடிக்கும்போது எழுப்புவதும், பம்பின் பாகங்களைக் கழுவிவைப்பதும் உங்கள் வேலை.

தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குடித்தால் தொப்பை விழும் என்பது உண்மையல்ல. பூண்டு, முருங்கைக்கீரை, மீன், முட்டை, பருப்பு எல்லாம் நல்ல சாப்பாடு. பத்தியத்தில் சத்துள்ளதை வைத்துக்கொண்டு, பட்டினி போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பாலைச் சுத்தமான குப்பியில் ஊற்றி, நாளும் நேரமும் எழுதி, குளிர்ப்பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். ஜொகூர் வெயிலில் காரின் பின்சீட்டில் சும்மா வைத்த பால் வீணாகிவிடும்.

பதினேழாம் நாளிலிருந்து தாய்ப்பாலில் கலப்பதற்கென்றே தயாரித்த சத்துத் தூளையும் மருத்துவர் சேர்த்தார். “என் பால் போதலன்னுதானே இது?” என்று அந்தப் பெண் முகம் வாடினார். அப்படியல்ல. தாய்ப்பால் நிறைமாதப் பிள்ளைக்கான அளவில் அமைந்தது. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தூக்கலாக வேண்டும். அதை அதே பாலில் கலந்து கொடுக்கிறார்கள். இது கடைகளில் விற்கும் டின் மாவு அல்ல. வீட்டில் நாமாக எதையும் கலக்கக் கூடாது.

எடை மட்டும் வளர்ச்சி அல்ல

பதினேழாம் நாளுக்குப் பிறகு எடை நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிராம் என்று ஏறத் தொடங்கியது. ஒரு நாள் நாற்பது ஏறும், மறுநாள் ஐந்து இறங்கும். அந்தப் பெண் தினமும் எடையைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். “தினமும் பாக்காதம்மா, வாரத்தக் கணக்குப் பாரு” என்றேன். ஈரமான நேப்பி, கையில் கட்டிய ஊசிப் பலகை, மலம் போகாத வயிறு என்று இருபது கிராமை மறைக்க எத்தனையோ காரணங்கள் உண்டு.

வார்டில் வாரம் ஒருமுறை தலைச் சுற்றளவையும் நீளத்தையும் அளப்பார்கள். இரண்டுமே வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூட வேண்டும். தலை வளர்கிறது என்றால் மூளை வளர்கிறது. நீளம் கூடுகிறது என்றால் ஏறுவது வெறும் கொழுப்பல்ல, எலும்பும் தசையும் சேர்ந்தே வளர்கின்றன. இவற்றைக் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தயாரித்த வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார்கள். பல நாடுகளில் பயன்படும் ஃபென்டன் வரைபடம் அவற்றுள் ஒன்று. அந்தக் கோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, எந்தத் தாதியும் மறுக்கமாட்டார்.

முப்பத்தேழாம் நாள், 1,900 கிராமில் பிள்ளை வீட்டுக்கு வந்தது. அதற்குள் தானாகவே மார்பில் சப்பக் கற்றுக்கொண்டிருந்தது. இரும்புச் சத்துச் சொட்டு, வைட்டமின் சொட்டு, அடுத்தடுத்த பரிசோதனைத் தேதிகள் என்று ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொரு சோதனை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சீனித் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், “ரெண்டு மாசத்துல நெஸ்டம் குடு, கொழுகொழுன்னு வந்துரும்.” தயவுசெய்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது. கஞ்சியும் மாவும் எப்போது என்பதை, பிள்ளை முன்கூட்டியே பிறந்த வாரங்களையும் கணக்கில் எடுத்து மருத்துவர் சொல்வார்.

கொழுகொழு என்ற ஆசையிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வில், இந்தியக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தார்கள். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்கள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளின் மெலிந்த உடலில் தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. சிறிதாகப் பிறந்து பிறகு மிக வேகமாகக் கொழுக்கும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. நீரிழிவு நம் நாட்டில் இந்தியர்களிடையே எவ்வளவு அதிகம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பட்டினியும் வேண்டாம், திணிப்பும் வேண்டாம். கோட்டோடு ஒட்டி, சீராக வளர்ந்தால் போதும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள். அந்தப் பெண்ணுக்கு 98இல் 37 நாள் மருத்துவமனையிலேயே கழிந்துவிட்டது. மீதம் 61. அதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, சம்பளமில்லா விடுப்பைப் பற்றி முதலாளியிடம் இரண்டாம் வாரத்திலேயே பேசிவைத்தார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது இப்படி ஆனால், “பிள்ளைதான் ஆஸ்பத்திரில இருக்கே, வீட்ல என்ன வேல?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த நாட்களில்தான் அவருக்கு வேலை அதிகம்.

போன மாதம் அந்தப் பிள்ளை தவழ்ந்து எங்கள் வாசல்வரை வந்துவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த பாட்டியிடம், வழியில் போன ஒரு பெண்மணி, “எத்தனை கிலோ இருக்கும்?” என்று கேட்டார்.

பாட்டி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “கிலோவெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நாங்க கிராம் கணக்குல வளர்த்தோம்” என்றார்.

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், எடை என்ன என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். “நாளைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறா? சாப்பாடு யாரு கொண்டு வர்றா?” என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். அந்த இருபது கிராம் அங்கிருந்துதான் வரும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.